கித்தாரும் உறுமியும்

நம் ஜொகூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் பல வீடுகளில் ஒரு பிள்ளையாவது பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் வேலை செய்கிறது. விடியற்காலை நாலு மணிக்கு மோட்டார் சைக்கிளில் கிளம்பி இரவில் திரும்புகிற பிள்ளைகளும் உண்டு. அங்கேயே அறை எடுத்துத் தங்கி மாதம் ஒரு முறை வீட்டுக்கு வருகிற பிள்ளைகளும் உண்டு. பணம் வருகிறது. பணத்தோடு கூடவே நமக்குப் பழக்கமில்லாத சில சொற்களும் வந்து சேருகின்றன.

அப்படி வந்து சேர்ந்த ஒரு சொல்லைப் பற்றித்தான் இந்த மாதம் எழுதுகிறேன். செம்பனை வெட்டில் உதிரிப் பழம் பொறுக்கும் தாயார் ஒருவர் பள்ளி வாசலில் என்னை நிறுத்தி, "சார், எம் மவன் சிங்கப்பூர்ல ஏதோ சைக்கடெலிக் பாட்டுக் கச்சேரிக்குப் போவுறானாம். டிக்கெட்டு நாப்பது வெள்ளியாம், அதுவும் சிங்கப்பூர் வெள்ளி. கூட வேலை செய்யிற அக்கா, அது கஞ்சா அடிக்கிறவங்க கேக்குற பாட்டுன்னு சொல்லுது. நெசமா சார்?" என்று கேட்டார்.

நாற்பது சிங்கப்பூர் வெள்ளி என்றால் நம் பணத்தில் நூற்று இருபதுக்கு மேல். அவருக்கு அது எத்தனை நாள் உழைப்பு என்பது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் அவர் பணத்தைப் பற்றிக் கேட்கவில்லை. பிள்ளை கெட்டுப் போவானா என்றுதான் கேட்டார். அவருக்குச் சொன்னதையும், அங்கே சொல்ல நேரமில்லாமல் போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். இதே சந்தேகம் வேறு பல பெற்றோருக்கும் இருக்கும்.

முதலில் அந்தச் சொல். 'சைக்கடெலிக்' என்பது பழைய சொல் அல்ல. ஹம்ஃப்ரி ஆஸ்மண்ட் என்ற ஆங்கில மனநோய் மருத்துவர் 1950களின் பிற்பகுதியில் உண்டாக்கிய சொல். மனம் என்ற பொருளுள்ள ஒரு கிரேக்கச் சொல்லையும், வெளிப்படுத்துதல் என்ற பொருளுள்ள இன்னொரு சொல்லையும் சேர்த்து அவர் அமைத்தார். எல்.எஸ்.டி. போன்ற மருந்துகள் மனத்துக்கு என்ன செய்கின்றன என்பதைச் சொல்வதற்காகவே அது பிறந்தது. 1960களில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பாட்டுக்காரர்கள் சிலர் அந்த மருந்துகளையும் எடுத்துக்கொண்டார்கள், அந்தச் சொல்லையும் எடுத்துக்கொண்டார்கள். ஆகவே அந்தத் தாயாரின் பயத்துக்கு ஆதாரம் இல்லை என்று சொல்ல முடியாது.

ஆனால் ஒரு பாட்டு எங்கே பிறந்தது என்பது வேறு, அந்தப் பாட்டுக்குள் என்ன இருக்கிறது என்பது வேறு. இந்த வகைப் பாட்டுக்குள் இருப்பது என்ன? ஒரே சுருதி விடாமல் பின்னால் ஒலித்துக்கொண்டே இருக்கும். ஒரே தாளக்கட்டு திரும்பத் திரும்ப வரும். குரலை எதிரொலி போலக் கேட்க வைப்பார்கள். பதிவு நாடாவைப் பின்னோக்கி ஓடவிட்டு விசித்திரமான ஓசைகளை உண்டாக்குவார்கள். அதோடு கிராமியப் பாட்டின் எளிய மெட்டும், எல்லாரும் சேர்ந்து பாடக்கூடிய பாப் பாட்டின் அமைப்பும் கலந்தால், அதைத்தான் சைக்கடெலிக் ஃபோக் பாப் என்கிறார்கள்.

விடாமல் ஒலிக்கும் அந்தச் சுருதி அவர்களுக்கு எங்கிருந்து கிடைத்தது தெரியுமா? நம் வீட்டிலிருந்துதான். பீட்டில்ஸ் குழு 1965ஆம் ஆண்டின் இறுதியில் வெளியிட்ட 'நார்வீஜியன் வுட்' பாட்டில் ஜார்ஜ் ஹாரிசன் சித்தார் வாசித்தார். அடுத்த ஆண்டு வந்த 'டுமாரோ நெவர் நோஸ்' பாட்டில் தம்புராவின் நாதம் அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். 1966ல் ஹாரிசன் இந்தியாவுக்கே வந்து பண்டிட் ரவி ஷங்கரிடம் சித்தார் பயின்றார். பஜனை மடத்தில் சுருதிப் பெட்டியைப் போட்டுக்கொண்டு நாம் உட்காருகிறோமே, அந்தச் சங்கதிதான் கடல் கடந்து போய், மின்சாரக் கித்தாரோடு சேர்ந்து, வேறு பெயரில் திரும்பி வந்திருக்கிறது.

அதே ரவி ஷங்கர் இந்த விஷயத்தில் ஒரு கோடும் போட்டார். 1967ல் அமெரிக்காவின் மான்டெரி விழாவில் அவர் வாசித்த பிறகு, நீளமுடி இளைஞர்கள் அவரைக் கொண்டாடினார்கள். ஆனால் போதையில் கிடந்தபடி தம் இசையைக் கேட்பதை அவர் வெளிப்படையாகவே கண்டித்தார். நாதமே மனத்தை உயர்த்தும், அதற்கு மருந்து எதற்கு என்பது அவர் கட்சி. இதைவிடத் தெளிவான பதிலை நான் சொல்ல முடியாது.

நம் கிராமிய வாத்தியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். உறுமியின் ஒரு பக்கத்தைக் குச்சியால் அடிப்பார்கள். மறு பக்கத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள். தேய்க்கும்போது வருகிற அந்த உறுமல் ஓசை வயிற்றில் இறங்கும். தைப்பூசத்தன்று காவடிக்கு முன்னால் உறுமி மேளம் ஒரே நடையில் அரை மணி நேரம் போகும்போது, கண்ணை மூடி ஆடாதவர் யார்? அதற்கு எந்த மருந்தும் தேவைப்படவில்லை. மேல்நாட்டுக்காரர்கள் 1960களில் தேடிப் போனது நம் தோட்டத்துக் கோயில் வாசலிலேயே இருந்தது. நாம் அதற்குப் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

இனிச் சிங்கப்பூருக்கு வருவோம். அந்த ஊரில் கித்தாருக்கும் உறுமிக்கும் நேர்ந்த கதை நாம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று.

1960களின் சிங்கப்பூர் பாட்டுக் குழுக்களுக்குப் பேர்போன ஊராக இருந்தது. குவீன்ஸ்டவுன் தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் சேர்ந்து 1961ல் 'தி குவெஸ்ட்ஸ்' என்று ஒரு குழு தொடங்கினார்கள். பள்ளிப் பத்திரிகையின் பெயரையே குழுவுக்கு வைத்தார்கள். பிறகு ரெஜி வர்கீஸ் என்ற கித்தார்க்காரரும் அதில் சேர்ந்தார். 1964ல் அவர்கள் வெளியிட்ட 'ஷாண்டி' என்ற வாத்திய இசை, சிங்கப்பூர் வரிசையில் முதலிடத்தில் இருந்த பீட்டில்ஸ் பாட்டையே கீழே தள்ளியது. உள்ளூர்ப் பிள்ளைகளின் இசைத்தட்டு ஒன்று அந்த இடத்தைப் பிடித்தது அதுவே முதல் முறை. ஞாயிற்றுக்கிழமைப் பகலில் 'டீ டான்ஸ்' என்று நடக்கும், இளைஞர்கள் கூடுவார்கள், ஒரு குழு மாற்றி ஒரு குழு வாசிக்கும்.

1970களின் தொடக்கத்தில் காற்று மாறியது. இந்த இசையோடு போதைப் பழக்கமும் வருகிறது என்று அரசாங்கம் கருதியது. நீளமுடி வைத்த ஆண்களுக்குக் கடைசியில்தான் சேவை என்று அரசாங்க அலுவலகங்களில் படம் போட்டு அறிவிப்பு ஒட்டினார்கள். 1972 பிப்ரவரியில் உலகப் புகழ்பெற்ற லெட் செப்லின் குழு கச்சேரிக்காகச் சிங்கப்பூர் வந்தபோது, முடி நீளமாக இருக்கிறது என்ற காரணத்தால் அனுமதி கிடைக்கவில்லை. 14ஆம் தேதிக் கச்சேரி ரத்தானது. மறு ஆண்டு, 1973ல், போதைப்பொருள் தவறான பயன்பாட்டுச் சட்டம் வந்தது. 1975ல் கடத்தலுக்குக் கட்டாய மரண தண்டனை அதில் சேர்ந்தது.

அதே 1973ல்தான் சிங்கப்பூர்த் தைப்பூச ஊர்வலத்தில் வாத்தியங்கள் வாசிப்பதும் தடை செய்யப்பட்டது. ஊர்வலத்தில் கோஷ்டித் தகராறு வருகிறது, ஒழுங்கு குலைகிறது என்பது சொல்லப்பட்ட காரணம். சிராங்கூன் ரோட்டு ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து தேங்க் ரோட்டுத் தண்டாயுதபாணி கோயில் வரை காவடிகள் போகும். ஆனால் பாதையில் உறுமி ஒலிக்காது. ஆக, மேல்நாட்டுக் கித்தாரும் நம் ஊர் உறுமியும் ஒரே காலத்தில் சந்தேகப் பட்டியலில் ஏறின. ஒன்றை வாசித்தவன் மேல்நாட்டு மோகம் பிடித்தவன், மற்றதை வாசித்தவன் கலகக்காரன். இரண்டு பேருமே பெரும்பாலும் ஏழைவீட்டு இளைஞர்கள் என்பதையும் கவனிக்க வேண்டும்.

ஒழுங்கு வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. முப்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு வகுப்பு நடத்துகிறவன் ஒழுங்கைப் பழித்துப் பேச முடியாது. ஆனால் வாத்தியத்தை மூடினால் சண்டை நின்றுவிடும் என்பது வாத்தியார்கள் செய்கிற கணக்கைப் போன்றது. ஒருவன் சத்தம் போட்டதற்காக வகுப்பு முழுவதையும் நிற்க வைத்தால், அமைதி வரும், பாடம் வராது.

கதவுகள் மெல்ல மெல்லத்தான் திறந்தன. 1990ல் குவோ பாவ் குன் என்ற நாடக ஆசிரியர், ஆர்மீனியன் தெருவில் பழைய மின் துணை நிலையம் ஒன்றைக் கலைக்கூடமாக மாற்றி, 'தி சப்ஸ்டேஷன்' என்று பெயர் வைத்தார். இடம் கிடைக்காத இளம் குழுக்கள் அதன் தோட்டத்தில் வாசித்தன. 2021ல் அந்தக் கட்டடத்தை அவர்கள் காலி செய்யும் வரை, எத்தனையோ குழுக்களுக்கு அதுதான் முதல் மேடை. 1997ல் தெருவில் வாசிப்பவர்களுக்கு அனுமதி அளிக்கும் திட்டம் வந்தது; தேர்வில் தேறினால் வாசிக்கலாம். 2002 அக்டோபர் 12ஆம் தேதி கடலோரத்தில் எஸ்பிளனேட் கலையரங்கம் திறக்கப்பட்டது. முள் முள்ளாக இருக்கும் அதன் கூரையைப் பார்த்து மக்கள் 'டுரியான்' என்றே அழைக்கிறார்கள். நம் டுரியானுக்கு அந்த ஊரில் கிடைத்த மரியாதை அது!

அந்த டுரியான் கட்டடத்தில் நம் இனத்துக்கும் இடம் உண்டு. கலா உற்சவம் என்ற இந்தியக் கலைவிழா 2002லிருந்து அங்கே நடந்து வருகிறது. அதே ஆண்டு தொடங்கியது 'பேபீட்ஸ்' என்ற இன்னொரு விழா. பெரிய கம்பெனிகளின் ஆதரவில்லாமல் சொந்தமாகப் பாட்டுக் கட்டி வாசிக்கிற குழுக்களுக்கான விழா அது. பார்க்கப் போகிறவர்களுக்குக் கட்டணம் இல்லை. புதுக் குழுக்களைத் தேர்வு வைத்து எடுத்து, அனுபவசாலிகளைக் கொண்டு சில மாதம் பயிற்சி கொடுத்து, பிறகு மேடை ஏற்றுகிறார்கள். கடைசிப் பஸ்ஸுக்குக் காசு வைத்துக்கொண்டு மீதியை வீட்டுக்கு அனுப்புகிற நம் பிள்ளைகள்கூடப் போய்ப் பார்க்கக்கூடிய விழா.

உறுமிக்கும் விடிவு வந்தது. 2016 தைப்பூசத்தில், நாற்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, பாதையோரம் மூன்று இடங்களில் நேரடியாக வாத்தியம் வாசிக்க அனுமதித்தார்கள். 2019ல் இசை ஒலிக்கும் இடங்கள் இன்னும் அதிகமாக்கப்பட்டன. தேக்கா வழியாகக் காவடி போகும்போது இன்று மேளச் சத்தமும் கேட்கிறது. கலவரம் ஒன்றும் மூளவில்லை.

இப்போது, அந்தப் பிள்ளை போக நினைக்கிற மாதிரிக் கச்சேரி ஒன்று எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். 'சுயேச்சைக் குழு' என்றால் இசைத்தட்டுக் கம்பெனியின் கையில் இல்லாதவர்கள் என்று பொருள். பாட்டைக் கட்டுவது, பதிவு செய்வது, கச்சேரிக்கு இடம் பிடிப்பது, டிக்கெட் விற்பது எல்லாவற்றையும் அவர்களே செய்கிறார்கள். சிங்கப்பூரில் இதற்கு நல்ல உதாரணம் 'தி அப்சர்வேட்டரி' என்ற குழு. லெஸ்லி லோ என்பவர் 1990களில் 'ஹம்ப்பேக் ஓக்' என்ற குழுவில் கிராமிய நடைப் பாட்டுகள் பாடியவர். 2001ல் வேறு சிலரோடு சேர்ந்து இந்தக் குழுவைத் தொடங்கினார். 2004ல் வந்த அவர்களுடைய முதல் தொகுப்பில் கித்தாரும் மின்னோசையும் மெதுவாகக் கலந்து வரும். பிறகு பாலித் தீவின் கெமலான் வாத்தியங்களைக்கூடத் தங்கள் இசையில் சேர்த்துக்கொண்டார்கள். சினிமாப் புகழ் இல்லை, கம்பெனி இல்லை. இருபது ஆண்டுகளுக்கு மேலாக நிற்கிறார்கள்.

இப்படிப்பட்ட மாலையில் ஒரு குழு மட்டும் வாசிப்பதில்லை. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் ஒரு பெயர் இருக்கும். கீழே சின்ன எழுத்தில் இரண்டு மூன்று பெயர்கள் இருக்கும். அந்தச் சின்ன எழுத்துக்காரர்களைத்தான் துணைக் குழுக்கள் என்கிறார்கள். முதல் குழுவுக்கு அரை மணி நேரம், அடுத்த குழுவுக்குச் சற்று அதிகம், கடைசியில் பெரிய குழுவுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல். ஒலி சரிபார்ப்பது மட்டும் தலைகீழாக நடக்கும். பெரிய குழு முதலில் வந்து சரிபார்த்துவிட்டுப் போகும். கடைசியாகச் சரிபார்க்கிற குழு, கதவு திறந்ததும் முதலில் வாசிக்கும். மேடையை மறுபடி மறுபடி மாற்றாமல் இருக்க இந்த ஏற்பாடு. ஆகவே நேரம் போதாமல் போனால் நஷ்டப்படுவது எப்போதும் சின்னக் குழுதான். டிரம் செட்டு பெரும்பாலும் பொது. பணம் பிரியும்போதும் முதல் குழுவுக்குக் கிடைப்பது பெட்ரோல் காசாக இருக்கும், சில சமயம் அதுவும் இருக்காது. வாசலில் மேசை போட்டுத் தங்கள் பனியனையும் இசைத்தட்டையும் விற்று அதை ஈடு செய்வார்கள்.

எஸ்பிளனேடின் திறந்தவெளி மேடையில் அப்படி ஒரு மாலை நிகழ்ச்சியை நானும் நின்று பார்த்திருக்கிறேன். வெயில் இன்னும் இறங்கவில்லை. முதல் குழு ஏறியபோது படிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் இருபது பேர் இருக்கலாம். பாதிப் பேர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாடிய பெண்ணுக்கு முதல் பாட்டில் குரல் நடுங்கியது. மூன்றாவது பாட்டில் நடுக்கம் நின்றது. நாலாவது பாட்டில், நடந்து போய்க்கொண்டிருந்த ஒரு குடும்பம் நின்று கேட்டது. அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அந்தப் பெண்ணுக்கு அன்று கிடைத்தது எந்தப் பள்ளிக்கூடத்திலும் கிடைக்காத பாடம்.

முதலில் வாசிப்பது கேவலம் என்று நினைப்பவர்களுக்கு இரண்டு செய்தி சொல்கிறேன். 1971 ஆகஸ்ட் 1ஆம் தேதி, வங்காள அகதிகளுக்கு உதவி செய்ய நியூயார்க்கில் நடந்த பெருங்கச்சேரியில், மேடையை முதலில் திறந்து வைத்தவர்கள் ரவி ஷங்கரும் அலி அக்பர் கானும் அல்லா ரக்காவும்தான். கூட்டம் மற்ற நட்சத்திரங்களுக்காகக் காத்திருந்தது. இவர்கள் சுருதி சேர்த்ததையே கச்சேரி என்று நினைத்துக் கைதட்டியது! கோபித்துக்கொள்ளாமல் வாசித்தார்கள். இன்னொன்று: கித்தார் உலகில் சக்கரவர்த்தி என்று பேர் வாங்கிய ஜிமி ஹென்ட்ரிக்ஸ், 1967 ஜூலையில் 'மங்கீஸ்' என்ற குழுவுக்கு முன் வாசிக்கும் துணைக் குழுவாகப் போனார். வந்திருந்த சிறு பெண்கள் அவரைப் பாடவிடாமல், மங்கீஸைக் கூப்பிட்டுக் கத்தினார்கள். சில கச்சேரிகளோடு அவர் விலகிவிட்டார். இன்று இசை தெரிந்தவர்களைக் கேளுங்கள், எந்தப் பெயரைச் சொல்கிறார்கள் என்று.

நம் மரபிலும் இது புதிதல்ல. சென்னை மார்கழி சபாக்களில் இளம் வித்வான்களுக்குப் பகல் கச்சேரி, பெரியவர்களுக்கு மாலைக் கச்சேரி. பகலில் காலி நாற்காலிகளுக்குப் பாடித்தான் எல்லாரும் மாலைக்கு வருகிறார்கள். நம் நாட்டிலேயே, பினாங்கில் 1960களின் இறுதியில் டேவிட் ஆறுமுகமும் லோகநாதன் ஆறுமுகமும் தொடங்கிய சின்னக் குழுதான் 'அலிகேட்ஸ்' என்று பேர் பெற்று, மலாய்ப் பாட்டுகளால் நாடு முழுவதும் அறியப்பட்டது. 2006ல் யோகி பி குழுவினர் 'வல்லவன்' தொகுப்பை வெளியிட்டு, தமிழில் ராப் பாட முடியும் என்று தமிழ்நாட்டுக்கே காட்டினார்கள். சிங்கப்பூரில் யங் ராஜா என்ற இளைஞர் தமிழையும் ஆங்கிலத்தையும் கலந்து பாடிப் பேர் வாங்கியிருக்கிறார்.

இனி நம் தோட்டத்துக்கு வருகிறேன். திருவிழா இரவில் நாம் என்ன செய்கிறோம்? பட்டணத்திலிருந்து ஆர்க்கெஸ்ட்ராவை அழைக்கிறோம். ஆயிரக்கணக்கில் வெள்ளி கொடுக்கிறோம். பழைய சினிமாப் பாட்டையே பாடிவிட்டுப் போகிறார்கள். நம் பிள்ளைகளின் உறுமி மேளம், நம் மாணவிகளின் கும்மி, யாரோ ஒரு பையன் தானே கட்டிய பாட்டு, இவையெல்லாம் சாயங்காலம் ஆறு மணிக்கு, பெரியவர்கள் குளித்துக்கொண்டும் சமைத்துக்கொண்டும் இருக்கும் நேரத்தில் முடிந்துவிடும். ஒலிபெருக்கிக்காரர் அப்போதுதான் கம்பி இழுத்துக்கொண்டிருப்பார். கைதட்ட ஆள் இருக்காது. அந்தப் பையன் அடுத்த வருஷம் பாட வரமாட்டான். மாலை நேரத்தில் அவனுக்கு வேறு கூட்டாளிகள் கிடைப்பார்கள். அந்தக் கூட்டாளிகள் யார் என்பதைத்தான் நாம் பிறகு போலீஸ் நிலையத்தில் தெரிந்துகொள்கிறோம்.

பிள்ளை கெட்டுப் போவது பாட்டினால் அல்ல என்று நான் நினைக்கக் காரணம் இதுதான். கேட்க ஆளில்லாத பிள்ளைதான் யார் கூப்பிட்டாலும் போகிறான்.

சிங்கப்பூர் விஷயத்தில் பெற்றோர் நிஜமாகவே பயப்பட வேண்டியது ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நான் கடமை தவறியவன் ஆவேன். ஈப்போவைச் சேர்ந்த நம் இளைஞர் ஒருவர் 2009ல் 42.72 கிராம் போதைப்பொருளைத் தொடையில் கட்டிக்கொண்டு எல்லையைக் கடக்கும்போது பிடிபட்டார். அவருடைய அறிவுத்திறன் அளவு 69 என்று நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. பல நாடுகளிலிருந்து வேண்டுகோள்கள் வந்தன. ஆனாலும் 2022 ஏப்ரல் 27ஆம் தேதி அவர் தூக்கிலிடப்பட்டார். ஒரு கைப்பிடி அளவுகூட இல்லாத பொருள். ஒரு முழு உயிர். கச்சேரிக்குப் போகும் பிள்ளையிடம், "அந்தப் பாட்டைக் கேட்காதே" என்று சொல்வதை விட, "யார் கொடுத்தாலும் எந்தப் பொட்டலத்தையும் வாங்கி எடுத்துப் போகாதே; வண்டியில் வைக்கவும் விடாதே; கடன்காரன் மிரட்டினால் முதலில் வீட்டில் சொல், நாங்கள் அடிக்க மாட்டோம்" என்று சொல்லுங்கள். கடைசி மூன்று வார்த்தை மிக முக்கியம். அடிக்குப் பயந்து வீட்டில் சொல்லாத பிள்ளைதான் பொட்டலத்தைத் தூக்குகிறது.

இன்னும் சில நடைமுறை விஷயங்கள். சிங்கப்பூரில் 2015லிருந்து இரவு பத்தரை மணிக்கு மேல் பொது இடத்தில் மது அருந்தக் கூடாது. தேக்கா வட்டாரத்தில் வாரக் கடைசியில் கட்டுப்பாடு இன்னும் கூடுதல். பகலிலும் தெருவில் குடிக்க முடியாது. தேக்காவுக்குப் பக்கத்தில் குவீன் ஸ்திரீட் நிலையத்திலிருந்து ஜொகூருக்குப் பஸ் கிடைக்கும். கச்சேரி முடியும் நேரத்தையும் கடைசிப் பஸ் நேரத்தையும் முன்பே விசாரித்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். முதல் குழு வாசிக்கும் நேரத்துக்கே போகச் சொல்லுங்கள். டிக்கெட் காசு எல்லாக் குழுவுக்கும் சேர்த்துத்தான் கொடுத்திருக்கிறான்!

பிள்ளை கேட்பதோடு நில்லாமல் தானே பாட்டுக் கட்டுகிறவனாக இருந்தால் இதையும் சொல்லுங்கள். 2021 மார்ச்சில் வெளிவந்த 'எஞ்சாயி எஞ்சாமி' பாட்டு உங்கள் எல்லாருக்கும் தெரியும். அறிவு என்ற இளைஞர், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தம் பாட்டி வள்ளியம்மாளின் நினைவை வைத்து எழுதிய பாட்டு அது. நம்மைப் போன்ற தோட்டத்துச் சனங்களின் கதை உலகத்தையே ஆட வைத்தது. அப்படிப்பட்ட பாட்டிலிருந்தும் தங்களுக்கு வருமானம் எதுவும் வந்து சேரவில்லை என்று, இசையமைத்த சந்தோஷ் நாராயணன் 2024 மார்ச்சில் வெளிப்படையாகச் சொன்னார். அவர்களுக்கே அந்த நிலைமை என்றால், தோட்டத்துப் பையன் எவ்வளவு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்! பாட்டு எழுதியதும் தேதி போட்டு எழுதி வைக்க வேண்டும். யார் மெட்டு, யார் வரி, யார் வாசிப்பு என்பதைக் குழுவுக்குள் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பாட்டுகளின் உரிமைக்காக நம் நாட்டில் 1989லிருந்து எம்.ஏ.சி.பி. என்ற சங்கமும், சிங்கப்பூரில் 1987லிருந்து காம்பஸ் என்ற சங்கமும் இருக்கின்றன. பாட்டைப் பதிந்து வைத்தால், அது பொது இடத்தில் ஒலிக்கும்போது உரியவருக்குப் பங்கு கிடைக்க வழி உண்டு. படித்துப் பார்க்காமல் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடக்கூடாது. நம் பாட்டன்மார் கங்காணி நீட்டிய காகிதத்தில் கைநாட்டு வைத்தார்கள். பேரப்பிள்ளைகள் அதே காரியத்தைப் பேனாவால் செய்ய வேண்டாம்.

கோயில் கமிட்டிப் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வருஷத் திருவிழாவில் நம் பிள்ளைகளின் நிகழ்ச்சியை ஆறு மணிக்கு வைக்காதீர்கள். ஒலிபெருக்கி சரியான பிறகு, விளக்கு எரிந்த பிறகு, சனங்கள் பாய் விரித்து உட்கார்ந்த பிறகு, எட்டரை மணிக்கு வையுங்கள். அரை மணி நேரம் போதும். ஆர்க்கெஸ்ட்ராவுக்குக் கொடுக்கும் பணத்தில் நூறு வெள்ளியை எடுத்து அந்தப் பிள்ளைகளுக்கு உறையில் போட்டுக் கொடுங்கள். நோட்டீசில் அவர்கள் பெயரை அச்சடியுங்கள். சின்ன எழுத்தாக இருந்தாலும் பரவாயில்லை, பிழையில்லாமல் இருக்கட்டும். தாய்மார்களே, சமையலை அன்று ஒரு மணி நேரம் முன்னதாக முடித்துவிட்டு, முன் வரிசையில் வந்து உட்காருங்கள்.